வீட்டு உடற்பயிற்சி, 3 வருடம்: எது தங்கியது, எது பரணுக்குப் போனது

3 வருடத்துக்கு முன் டிவியில் ஒரு அரை மணி நேர உடற்பயிற்சி வீடியோவைப் போட்டுவிட்டு, அம்மா, அப்பா, நான் மூவரும் ஹாலில் வரிசையாக நின்று செய்ய ஆரம்பித்தோம். அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம், அப்பாவுக்கு சர்க்கரையும் பிரஷரும், எனக்கு இடுப்பு வலி. மூவருக்கும் ஒரே வீடியோ! நாலாம் நாள் அம்மாவின் வலது முட்டி வீங்கிவிட்டது. முழுசாக உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்திருக்கிறார், எங்களிடம் சொல்லவே இல்லை.

அப்புறம்தான் பிசியோதெரபிஸ்டிடம் போனோம். அவர் கேட்டது ஒரு துண்டு மட்டும்தான். அதைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைத்து, காலை நீட்டி, துண்டை முட்டியால் 5 எண்ணும் வரை அழுத்திப் பிடித்து விட வேண்டும், 10 தடவை. தொடையின் முன்பக்கத் தசை பலமானால் முட்டிக்கு அது முட்டுக்கொடுக்குமாம். ஒரு மாதம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி. எங்கள் பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கிப் பின்னால் போய், அம்மா நூலிழையில் தப்பினார். இப்போது நாற்காலியின் முதுகு சுவரை ஒட்டித்தான் இருக்கும், இருக்கையில் 2 தலையணை. உயரம் கூடினால் முட்டிக்குப் பளு குறையும். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலையும் கூடுதலாக வலித்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அம்மா இன்றுவரை விடாமல் கடைப்பிடிப்பது இந்தக் கணக்கைத்தான்.

அப்பாவுக்குக் காலால் மிதிக்கும் சின்ன பெடல் சைக்கிள் வாங்கினோம். நல்ல பொருள்தான், அடியில் ரப்பர் பாய் இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்க நகர்ந்துகொண்டே போகும், அவ்வளவுதான். வம்பு வேறு இடத்திலிருந்து வந்தது. அவர் சாப்பிடுவது கிளிமிபிரைடு, ரத்தச் சர்க்கரையை இறக்கும் மாத்திரை. ஒரு நாள் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டிபன் சாப்பிடும் முன்பே 40 நிமிடம் மிதித்துவிட்டார். வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழற உட்கார்ந்திருந்தார், குளுக்கோமீட்டரில் சர்க்கரை 62-க்கு இறங்கியிருந்தது. உடனே சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. இப்போதெல்லாம் சாப்பிட்ட பிறகுதான் சைக்கிள். மிதிக்கும் முன் ஒரு தடவை குத்திப் பார்த்துவிடுகிறோம்.

கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் அவருக்குப் பிரயோஜனப்படவில்லை. பிரஷருக்கு மெட்டோபுரோலால் எடுக்கிறார், அந்த மாத்திரை நாடித்துடிப்பை ஏற விடாது, வாட்ச்சோ இன்னும் வேகமாக என்று துரத்தும். டாக்டர் சொன்னது எளிது: மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மூச்சை அடக்கினால் பிரஷர் எகிறும் என்பதால் கைப் பயிற்சிக்கு வாங்கிய ரப்பர் பேண்டை இழுக்கும்போது வாய்விட்டு எண்ணச் சொன்னார். அப்பா எண்ணுவது மாடி வீட்டுக்கே கேட்கும்.

அந்த ரப்பர் பேண்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 400 ரூபாய்க்குள் கிடைக்கிறது, இடத்தை அடைக்காது. ஆனால் நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் ஒரு வருடத்தில் முடிச்சுப் போடும் இடத்தில் மெல்லிய வெடிப்பு விழுந்துவிட்டது, நான் கவனிக்கவில்லை, அறுந்து கன்னத்தில் அடித்தது. கண்ணில் பட்டிருந்தால்? இப்போது வாரம் ஒரு முறை வெளிச்சத்தில் நீட்டிப் பார்க்கிறேன்.

என் இடுப்புக்குப் பெரிதாக ஒன்றும் வாங்கவில்லை, ஒரு பாய், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பயிற்சி, காலையில் எழுந்ததும் குனிவதில்லை, அவ்வளவே. பரணுக்குப் போனது வயிற்றில் கட்டும் அதிர்வு பெல்ட், சொந்தக்காரர் பேச்சைக் கேட்டு வாங்கிய தண்டம்.

போன வாரம் மாமா போன் செய்து, "அந்த சைக்கிள் எங்கே வாங்கினே, லிங்க் அனுப்பு" என்றார். "அனுப்புறேன் மாமா, நீங்க என்னென்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டேன். சைக்கிள் கேட்டால் மாத்திரை கேட்கிறாயே என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்.