மீட்டரில் மட்டும் ஏறிய வேகம்: நவி வண்டியை மாடிஃபை செய்யப் போகிறவர்கள் கவனத்துக்கு

நான் தண்டையார்பேட்டை. வேலை மணலியில். வண்டி 2017 மாடல் ஹோண்டா நவி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இது 2016இல் வந்த குட்டி மோட்டார் சைக்கிள். உள்ளே இருப்பது ஆக்டிவாவின் 109 சிசி இன்ஜின், கியர் கிடையாது. முன் சக்கரம் 12 இஞ்ச், பின் சக்கரம் 10 இஞ்ச், இரண்டிலும் டிரம் பிரேக். ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் அமைப்பு சின்ன வண்டிகளுக்கு 2019 ஏப்ரலில்தான் கட்டாயம் ஆனது. என் வண்டி அதற்கு முந்தையது.

மணலி விரைவுச் சாலையில் போகிறவர்களுக்கு என் பயம் புரியும். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போகிற டிரெய்லர், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர், நடுவில் நாம். 60ஐத் தாண்டினால் நவி திணற ஆரம்பிக்கும். பின்னாலிருந்து ஏர் ஹாரன் அடித்தால் சட்டென்று விலகி முன்னேற முடியாது. முன் பிரேக்கும் மெதுவாகத்தான் பிடிக்கும். ரேஸ் ஓட்டும் ஆசை எனக்கு இல்லை. கொஞ்சம் வேகம், நம்பிப் பிடிக்க ஒரு பிரேக், இவ்வளவுதான் கேட்டேன்.

வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் உள்ள ஒர்க்‌ஷாப்பைப் பற்றி என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர் சொன்னார். போனேன். "குடுத்துட்டுப் போங்கண்ணா, எண்பது அசால்ட்டா போகும், டிஸ்க்கும் போட்டுத் தர்றேன்" என்றார் அந்த மெக்கானிக். டிஸ்க் செட் 5,500, ரோலர் கிட் 1,800, சைலென்சர் 3,200, டயர் இரண்டு 2,600, கூலி 1,400. மொத்தம் 14,500 ரூபாய். கணக்கைத் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். கடை பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. நானும் கேட்கவில்லை. 9,000 போனில் அனுப்பினேன், மீதியை ரொக்கமாகக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்து வண்டி வந்தது. முன் சக்கரம் சின்னதாக இருந்தது. கேட்டதற்கு, "டிஸ்க் வீல் இந்த சைஸ்லதாண்ணா கிடைக்கும்" என்றார். ஓட்டிப் பார்த்தேன். சைலென்சர் உறுமியது, கையை முறுக்கினால் வண்டி துள்ளிக்கொண்டு கிளம்பியது, மீட்டர் முள் 78ஐத் தொட்டது. இதற்கு முன் 72ஐத் தாண்டியதே இல்லை. சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் கம்பெனியில் இன்னொருவரும் நவி வைத்திருக்கிறார், கைபடாத வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாலை காலியாக இருந்தபோது, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போனோம். இரண்டு பேருமே முழுசாக முறுக்கியிருந்தோம். என் வண்டி முன்னால் போகவே இல்லை. ஓரமாக நிறுத்தி, "உங்க மீட்டர்ல எவ்வளவு காட்டுச்சு?" என்றேன். "எழுபத்திரண்டு" என்றார். என் மீட்டரில் 78.

விஷயம் அப்புறம்தான் விளங்கியது. நவியின் மீட்டர் கேபிள் முன் சக்கரத்தில் இருந்து வருகிறது. பழைய 90/90-12 டயர் ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 147 செ.மீ. ஓடும். இப்போது மாட்டியிருக்கும் 10 இஞ்ச் டயர் 136 செ.மீ.தான் ஓடும். அதே தூரத்துக்கு அதிகமாகச் சுற்றுகிறது, முள்ளும் அதிகமாக ஏறுகிறது. சாலையில் என் வேகம் கூடவே இல்லை.

ரோலர் கதையும் இப்படித்தான். கியர் இல்லாத வண்டியில் முன்பக்கம் வேரியேட்டர் என்று ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும் ரோலர்கள் இன்ஜின் சுற்றச் சுற்ற வெளிப்பக்கம் ஒதுங்கி, பெல்ட்டை மேலே தள்ளும். எடை குறைந்த ரோலர் போட்டால் பெல்ட் மெதுவாக ஏறும், இன்ஜின் அதிகச் சுற்றில் நிற்கும், அதனால் பிக்கப் கிடைக்கும். பெல்ட் உச்சிக்கு ஏறிய பிறகு எல்லா ரோலரும் ஒன்றுதான். பிக்கப்பை டாப் ஸ்பீடு என்று சொல்லி விற்கிறார்கள். சைலென்சர் சத்தமும் சேர்ந்துகொண்டால் வண்டி பறப்பதாகவே மனசு நம்பிவிடுகிறது.

வேகம் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். பிரேக் விஷயத்தை விட முடியவில்லை.

மூன்றாவது வாரம், வேலை முடிந்து வரும்போது, சாத்தாங்காடு தாண்டி எனக்கு முன்னால் போன டிரெய்லர் திடீரென்று நின்றது. முன் பிரேக்கைப் பிடித்தேன். லிவர் ஹேண்டில் பார் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது, பிரேக் பிடிக்கவே இல்லை. இடதுகைப் பின் பிரேக்கை அழுத்தி, இரண்டு காலையும் ஊன்றி, இடதுபக்க மணலில் இறக்கினேன். வண்டி நின்றபோது டிரெய்லரின் பின் தடுப்புக் கம்பிக்கும் என் ஹெட்லைட்டுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. கை நடுக்கம் அடங்க ரொம்ப நேரம் ஆனது. வீட்டில் இன்றுவரை இதைச் சொல்லவில்லை.

பின் பிரேக்கை மட்டும் நம்பி, ஊர்ந்து, காலடிப்பேட்டையில் எனக்குப் பழக்கமான பாய் கடைக்குப் போனேன். முப்பது வருஷமாக ஸ்கூட்டர் வேலை பார்ப்பவர். அவர் ஹேண்டிலை முழுசாக இடதுபக்கம் திருப்பிக் காட்டினார். பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய், டயரில் உரசிக்கொண்டு நின்றது. உரசிய இடத்தில் ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் நூல் பின்னல் தெரிந்தது. அதிலிருந்து ஆயில் கசிந்து ரிம்மில் வழிந்திருந்தது. பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தது.

"இதப் பாரு தம்பி" என்று முன் சக்கரத்தின் அச்சைத் தொட்டுக் காட்டினார். வேறு வண்டி சக்கரம் என்பதால் இடைவெளியை நிரப்ப மூன்று வாஷரை அடுக்கி மாட்டியிருந்தார்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் நவியின் ஃபோர்க்கில், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரை மாட்ட இடமே கிடையாது. அதற்கு ஒரு இரும்புப் பட்டையை வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். அந்த வெல்டிங்கில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. பாய் அதன் மேல் நகத்தை வைத்து இழுத்தார், நகம் தடுக்கியது. ஹோஸ் மட்டும் போனதே நல்லது என்றார். பட்டை உடைந்து கேலிப்பர் சக்கரத்தில் சிக்கியிருந்தால் நான் தூக்கி எறியப்பட்டிருப்பேன்.

மற்றதையும் திறந்தார். "புது ரோலர் கிட்" ஏற்கனவே ஓடித் தேய்ந்தது, ஒரு பக்கம் பட்டையாகியிருந்தது. சைலென்சரை மாற்றியவர்கள் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கார்புரேட்டர் ஜெட்டைத் தொடவே இல்லை. பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போய், பிளக் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும் என்றார். டயரின் ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். என் "புது" டயரில் 1416 என்று இருந்தது. 2016ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. மேலே கறுப்பு பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கி விற்றிருக்கிறார்கள்.

அந்த ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பப் போய், என் பழைய சக்கரம், பிரேக் பிளேட், சைலென்சர் எல்லாவற்றையும் கேட்டேன். "அது காயலாங்கடைக்குப் போயிடுச்சுண்ணா" என்றார். பணம் பற்றிப் பேசியபோது, ரஃப்பாக ஓட்டினால் இப்படித்தான் ஆகும் என்று என் மேலேயே திருப்பினார். அன்றைக்கு அங்கே உணவு டெலிவரி செய்யும் பையன்கள் இரண்டு பேர் அதே டிஸ்க் வேலைக்காக வண்டியை விட்டுவிட்டு நின்றார்கள். இருபது வயதுகூட இருக்காது. அவர்களை வெளியே கூப்பிட்டு என் வண்டியின் வெல்டிங்கைக் காட்டினேன். ஒருவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்னொருவன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன் என்று தயங்கி அங்கேயே நின்றான். இந்தப் பதிவை எழுதுவதற்கு அந்தப் பையன்தான் காரணம்.

சட்டப்படியும் நான் தப்புதான் செய்திருக்கிறேன், அது இப்போதுதான் தெரிகிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மீறி வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியிலேயே சொல்லியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. விபத்து நடந்திருந்தால் இன்சூரன்ஸும் கைவிரித்திருக்கலாம்.

புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து, டிரம் பிரேக்கோடு நவி முன் சக்கரம் ஒன்றை 1,900 ரூபாய்க்குப் பிடித்தேன். பாய் அதில் புது பிரேக் ஷூ போட்டார், டிரம்மை உப்புத்தாளால் தேய்த்தார், பிரேக் கேபிளைப் புதிதாக மாற்றினார். கம்பெனி ரோலர், கம்பெனி பெல்ட், பழைய மாதிரியே சைலென்சர், இந்த வருஷம் செய்த டயர் இரண்டு. வால்வு இடைவெளியைச் சரி செய்தார். ஹெட்லைட் கண்ணாடி மங்கிப் போயிருந்தது, அதையும் மாற்றிவிட்டார். முன் பிரேக் இவ்வளவு நன்றாகப் பிடிக்கும் என்று எனக்கு முன்பு தெரியவே தெரியாது. தேய்ந்த ஷூவோடும் இழுபட்ட கேபிளோடும் ஓட்டிவிட்டு, டிரம் பிரேக்கே மோசம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வேகம் பழையபடி 72தான். டிரெய்லர் நெரிசலுக்கு முன்னால் போய்ச் சேர, இருபது நிமிஷம் முன்கூட்டியே கிளம்புகிறேன்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்துவிட்டேன். கையில் இருப்பது காலண்டர் தாளும், போனில் 9,000 அனுப்பிய ரசீதும், வெல்டிங் விரிசலின் போட்டோவும்தான். பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதமும் அனுப்பியிருக்கிறேன். போய்ச் சேர்ந்துவிட்டது என்று காட்டுகிறது, பதில் இன்னும் வரவில்லை. அடுத்தது சென்னை வடக்கு நுகர்வோர் ஆணையம். அதே சந்தில் வண்டி விட்டு ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போவோம்.