தேக்கு என்று சொல்லிக் குமிழ் மரத்தை விற்கிறார்கள்: ரங்கூனில் மரம் வாங்குபவர்கள் கவனம்

18 லட்சம் கியாட். ரங்கூனில் மரவேலை செய்து பிழைப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது போய்விட்டது. வேறு யாரும் மாட்டக் கூடாது என்று உடனே எழுதுகிறேன்.

கடையின் பெயர் வேண்டாம். நகரத்துக்கு வெளியே அறுத்த பலகை விற்பவர்கள், இணையத்தில் படம் போட்டு ஆர்டர் பிடிப்பவர்கள். ஒரு வீட்டுப் பூசை அறைக்கு இரட்டைக் கதவும் நிலையும் செய்ய எனக்கு நல்ல தேக்கு வேண்டியிருந்தது. போனதும் கடைக்காரர் தமிழிலேயே பேசினார். "வாங்கண்ணே, நம்ம ஆளு" என்று உட்கார வைத்து டீ வரவழைத்தார். சாமி அறைக்கு என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகை அடுக்கைத் தொட்டுக் கும்பிட்டார். மேலே இருந்த பலகையை எடுத்து, என் கண் முன்னால் ஓரத்தை இழைத்தும் காட்டினார். பொன்னிறம், கையில் எண்ணெய்ப் பசை, பதப்படுத்திய தோலின் வாசனை. சந்தேகமே இல்லாத வைரத் தேக்கு. "காட்டிலேயே பட்டையைச் சுற்றி வெட்டி, நின்ன நிலையிலேயே காய வச்ச மரம்ணே" என்றார். அது பர்மாவில் பழைய வழக்கம்தான். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது என்பதால், 2, 3 வருடம் அப்படிக் காயவிட்ட பிறகுதான் வெட்டி ஆற்றில் விடுவார்கள். விவரம் தெரிந்தவர் பேசுகிறார் என்று நம்பி, முழுப் பணத்தையும் கைபேசியிலேயே அனுப்பினேன். 18 லட்சம்.

லாரியில் வந்து இறங்கியது வேறு. மேலே நாலைந்து பலகை மட்டும் அன்று பார்த்த மரம். அடியில் இருந்ததில் இழைப்புளியை ஓட்டியதுமே உறுத்தியது. தேக்கில் சிலிக்கா, அதாவது மணல் சத்து உண்டு, தகடு சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்ட வேண்டும். இதில் மழுங்கவே இல்லை. பழுப்பு நிறமெல்லாம் சுருளோடு போய், உள்ளே வெளிறிய மஞ்சள் தெரிந்தது. அந்த வாசனையும் கிடையாது. மீதிப் பலகையைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் துணியில் சாயம். குமிழ் மரம்! பர்மாக்காரர்கள் யமனே என்பார்கள். குமிழ் கெட்ட மரமில்லை. லேசானது, உளிக்கு இதமானது, நானே அதில் எத்தனையோ பெட்டி செய்திருக்கிறேன். குமிழ் என்று சொல்லிக் குமிழ் விலைக்கு விற்றால் யார் கேட்கப் போகிறார்கள்? சாயம் பூசித் தேக்கு விலைக்கு, அதுவும் கும்பிட்டுவிட்டு விற்றால் என்ன சொல்வது?

உண்மையான தேக்காக வந்த கொஞ்சமும் ஈரம். நின்று காய்ந்த மரமானாலும், அறுத்த பிறகு இடையில் ரீப்பர் என்கிற மெல்லிய கட்டைகள் கொடுத்து அடுக்கி மறுபடி காயவிட வேண்டும். கதவு வேலைக்கு ஈரம் 12 சதவீதம் பக்கம் வந்தால்தான் கை வைக்கலாம். இதில் செய்து பார்த்த சட்டம் சுருங்கி மூட்டு வாய் திறந்துவிட்டது.

போன் செய்தால் முதலில் "பாக்குறேன்ணே". அப்புறம், முதலாளி மண்டலேக்குப் போயிருக்கிறார் என்று ஒரு பையன். நேரில் போனால், அன்று கும்பிட்ட அதே மனிதர் "மழைக்காலத்துல எல்லா மரமும் அப்படித்தான்" என்கிறார். சாயத் துணியைக் காட்டினேன். "எங்க பலகைதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, சுற்றி இருந்தவர்களுக்குக் கேட்கும்படி பர்மிய மொழியில் சத்தம் போட ஆரம்பித்தார். ரசீதில் பலகை என்று மட்டும்தான் இருக்கிறது, எந்த மரம் என்று இல்லை. இப்போது என் போனை எடுப்பதே இல்லை. 18 லட்சம் அங்கே கிடக்க, கதவுக்கு என் கைக்காசில் வேறு மரம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மரம் வாங்குவதைப் பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் வரவில்லை. அடுக்கின் அடியிலிருந்து நீங்களே ஒரு பலகையை உருவுங்கள். வெட்டுமுனையைக் கூரான உளியால் சீவிப் பாருங்கள், தேக்கில் வருட வளையத்தை ஒட்டிப் பெரிய துளைகள் வரிசையாகத் தெரியும். தின்னர் துணி கையோடு இருக்கட்டும். சரக்கை இறக்கிப் பார்க்கும் முன் முழுப் பணம் அனுப்பாதீர்கள். ரசீதில் கியூன் (தேக்குக்குப் பர்மியப் பெயர்) என்று பர்மிய எழுத்தில் எழுதி வாங்குங்கள். தமிழ் பேசுகிறார் என்பதற்காக இதில் எதையும் விடாதீர்கள்.

இதே மாதிரி ஒரு கடைக்குப் போகப் போகிறீர்கள் என்றால், பணம் அனுப்பும் முன் எனக்குத் தனியாக எழுதுங்கள். துணி, ரசீது, பலகைத் துண்டு எல்லாம் வைத்திருக்கிறேன்.