போர்ஷே 944: ஸ்பிரிங் டென்ஷனர் இருந்தால் பெல்ட்டை மறந்துவிடலாமா?

944 வாங்கப் பார்க்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். "87-லிருந்து வந்த வண்டிகளில் டென்ஷனர் ஆட்டோமேட்டிக்காமே, அதை வாங்கினால் பெல்ட் கவலை கிடையாதல்லவா?" போன வாரமும் ஒருவர் கேட்டார். போனில் சொல்ல ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால் எழுதியே வைத்துவிடுகிறேன். என்னிடம் இருப்பது 1986 மாடல், எட்டு வால்வு, 2.5 லிட்டர். என் மைத்துனரிடம் இருப்பது 1988. இரண்டு வண்டிக்கும் பெல்ட் வேலையைப் பல ஆண்டுகளாக நாங்களேதான் செய்கிறோம். அதனால் பெல்ட்டை இறுக்கி வைக்கும் இரண்டு வகை டென்ஷனரையும் கையால் தொட்டுப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்கின் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டுக்குக் கொண்டுபோவது கேம் பெல்ட். அந்த பெல்ட் போனால் என்ன ஆகும் என்பது 944 பற்றி விசாரிக்கும் எல்லோருக்கும் தெரியும். பிஸ்டன் வால்வில் மோதும், சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும், செலவு வண்டியின் விலையை எட்டிப் பார்க்கும். அதை விட்டுவிடுவோம்.

என் 86-இல் டென்ஷனர் என்பது மையம் விலகிய ஒரு ரோலர். அதைத் திருப்பினால் பெல்ட் இறுகும் அல்லது தளரும், சரியான இடத்தில் நட்டை முறுக்கிப் பூட்ட வேண்டும். சரியான இடம் எது என்று சொல்வதற்குத்தான் போர்ஷேயின் 9201 என்ற அளவுக் கருவி. புது கேம் பெல்ட்டுக்கு அதில் 4.0 காட்ட வேண்டும், 0.3 கூடலாம் குறையலாம். கேட்க எளிது. ஆனால் கருவியைப் பிடிக்கும் கோணம் கொஞ்சம் மாறினாலே முள் வேறு இடத்தில் நிற்கும். எல்லாம் சரியாக வந்து நட்டை முறுக்கும்போது ரோலரும் கூடவே இம்மி திரும்பும். மறுபடி அளந்தால் 4.5. தளர்த்து, திருப்பு, பூட்டு, அள. இந்த ஒரு விஷயத்துக்காக அந்த வடிவமைப்பின் மீது எனக்கு இருக்கும் எரிச்சல் இன்றுவரை தணியவில்லை. இவ்வளவு அருமையான எஞ்சினைச் செய்தவர்கள் அதன் உயிர்நாடியான இடத்தில் இப்படி ஓர் அமைப்பை வைத்திருக்க வேண்டாம்.

பெல்ட்டை இரண்டு விரலால் பிடித்து 90 டிகிரி முறுக்கிப் பார்த்தால் போதும் என்பவர்கள் உண்டு. என் வண்டியில் அதை அனுமதிக்க மாட்டேன். ஒருவர் விரலின் பலம் இன்னொருவருக்கு இல்லை.

1988-இல் அதே வேலையை முதன்முறை பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. 1987 மாடல் ஆண்டிலிருந்து கேம் பெல்ட் டென்ஷனரில் ஒரு ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். எஞ்சினை டாப் டெட் சென்டருக்கு, அதாவது முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சுமார் 10 டிகிரி பின்னால் திருப்பி, டென்ஷனரின் பிடிப்புகளைத் தளர்த்தினால் ஸ்பிரிங்கே ரோலரைத் தள்ளிச் சரியான இறுக்கத்தில் நிறுத்திவிடும். பூட்டினால் வேலை முடிந்தது. கருவி தேவையில்லை, சந்தேகமும் இல்லை. ஆர்வத்தில் 9201-ஐ வைத்துப் பார்த்தோம், அளவு வரம்புக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது.

பூட்டினால் என்று சொன்னேன் பாருங்கள், பலர் கவனிக்காமல் விடுவது அதைத்தான். அந்த ஸ்பிரிங் ஓடும் எஞ்சினில் பெல்ட்டைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டிருப்பதில்லை. இறுக்கத்தை அமைத்துக் கொடுப்பதோடு அதன் வேலை முடிகிறது. போல்ட்டுகளை இறுக்கிய நொடியிலிருந்து அதுவும் என் 86-இன் ரோலரைப் போல அசையாத டென்ஷனர்தான். புதுக் கயிற்றுக் கட்டில் சில நாளில் தொய்வதைப் போலப் புது பெல்ட்டும் படிந்து தளரும். அதனால் முதல் 3,000 கிலோமீட்டர் வாக்கில் பிடிப்பைத் தளர்த்தி, ஸ்பிரிங்கை மறுபடி வேலை செய்ய விட்டு, திரும்பவும் பூட்ட வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். இது அலுமினிய பிளாக். சூட்டில் விரியும், பெல்ட்டும் சேர்ந்து விறைக்கும். சூட்டில் அளந்து வைத்தால் குளிர்ந்தபின் தளர்ந்துவிடும்.

இந்த இரண்டாம் கட்ட வேலையை 86 வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் செய்கிறார்கள், பயம் செய்ய வைக்கிறது. ஸ்பிரிங் வண்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டால், "அது தானாகப் பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள். மைத்துனரின் வண்டியை முந்தைய உரிமையாளர் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு பெல்ட் மாற்றியிருந்தார், பில் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் மூடியைத் திறக்கவே இல்லை. நாங்கள் திறந்தபோது கேம் பெல்ட் தொளதொளவென்று இருந்தது. எஞ்சினின் நடுக்கத்தைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்களைச் சுழற்றும் இன்னொரு பெல்ட்டோ எதிர்மாறாக விறைத்துக் கிடந்தது, வண்டி ஓடும்போது கேட்ட கீச்சலுக்குக் காரணம் அதுதான். காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையில் இரண்டு பெல்ட்டும் தப்பாக இருந்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

பேலன்ஸ் பெல்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 87-க்குப் பிறகும் அதற்கு ஸ்பிரிங் கிடையாது. நான்கு சிலிண்டரில் இவ்வளவு பெரிய எஞ்சின் நடுங்காமல் ஓடுவதற்குக் காரணம் மிட்சுபிஷியிடம் உரிமம் வாங்கிப் பொருத்திய இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்கள். கிராங்கின் இரு மடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றுபவை. அதற்காகவே அந்த பெல்ட்டுக்கு இரு புறமும் பல். அதன் இறுக்கம் 9201-இல் 2.7 தான், கேம் பெல்ட்டை விட நன்றாகத் தளர்வு. இதோடு பெல்ட்டைத் தொடாமல் அரை மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டு நிற்க வேண்டிய ஒரு சின்ன ரோலர் வேறு. அதைப் பெல்ட்டோடு ஒட்டிவைத்து இறுக்கிவிடுபவர்கள் நிறைய பேர். இந்த பெல்ட் அறுந்தால் எஞ்சின் கொஞ்சம் நடுங்கும், அவ்வளவுதான் என்று நினைக்கக் கூடாது. அறுந்த துண்டு கேம் பெல்ட்டில் சிக்கினால் கதை முடிந்தது. ஆக, 88 வாங்கினாலும் அளவுக் கருவி வேண்டும்.

எஞ்சின் சூட்டையும் கணக்கில் எடுக்கும் டென்ஷனர் போர்ஷேக்குத் தெரியாததல்ல. அவர்களின் இன்னொரு மாடலான 928-இல் சூட்டுக்கு ஏற்ப வளையும் இரட்டை உலோக வாஷர்களை எண்ணெயில் அடுக்கி வைத்த டென்ஷனர் இருக்கிறது, பின்னால் வந்தவற்றில் பெல்ட் தளர்ந்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கையும் வரும். அதில் ஒரு பங்கு 944-க்கும் கிடைத்திருக்கலாம்.

சரி, எது நல்லது? பாகமாகப் பார்த்தால் ஸ்பிரிங் டென்ஷனர்தான், தயக்கமே இல்லை. ஆனால் எந்த வண்டியை வாங்குவது என்று இன்று கேட்டால், அளவுகள் எழுதிவைத்த நோட்டோடு வரும் ஒரு 86-ஐத்தான் கைகாட்டுவேன். இங்கே ஜெர்மனியில் 30 வயது தாண்டிய வண்டிக்கு பழம்பெரும் வண்டி என்பதற்கான எச் எழுத்துள்ள நம்பர் பிளேட் கிடைக்கும், டியூவ் என்னும் வாகனத் தகுதிச் சோதனையும் தேறிவிடும். ஆனால் அங்கே பெல்ட் மூடியை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. விற்பவரிடம் "பெல்ட் எப்போது மாற்றினீர்கள்" என்று கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். மாற்றியபின் மறுபடி இறுக்கம் பார்த்தது எப்போது, எத்தனையாவது கிலோமீட்டரில் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் இரண்டு பெல்ட், ரோலர்கள், கேம் பெல்ட்டே சுழற்றும் வாட்டர் பம்ப், எல்லாவற்றின் செலவையும் விலையில் கழித்துக்கொண்டு, வண்டியை ஓட்டி வராமல் ஏற்றி வாருங்கள்.