கடற்கரை வீட்டுக் கார் ஷெட்டில் ட்யூப் லைட்: பல வருஷ அனுபவம்

வில்லியனூரில் மச்சான் புது வீடு கட்டுகிறான். கார் ஷெட்டுக்கு ட்யூப் லைட் போடலாமா, எல்இடியா என்று கேட்டான். போனில் சொன்னால் சண்டையில் முடியும், அதனால் எழுதிவிடுகிறேன்.

என் ஷெட்டில் இருப்பது நாலடி ட்யூப், 36 வாட்ஸ், காப்பர் சோக் (கரண்டைக் கட்டுப்படுத்துகிற செம்புச் சுருள்), ஸ்டார்ட்டர் (ட்யூபைப் பற்றவைக்கிற சின்ன டப்பா). வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில்.

வெளிச்சத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். குண்டு பல்பு போட்டிருந்த காலத்தில் பானெட்டைத் திறந்து குனிந்தால் என் தலை நிழல்தான் இன்ஜின் மேல் விழும். ட்யூபில் அது இல்லை. சோக்கும் லேசுப்பட்டதில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து, கரண்ட் திரும்பி வந்தபோது வோல்டேஜ் ஆடிய ஆட்டத்தில் டிவி போனது, மிக்ஸி போனது. சோக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் இந்தச் சிமிட்டல் இருக்கிறதே! ஐப்பசி பிறந்தால் போதும், ஆரம்பித்துவிடும். ஸ்விட்சைப் போட்டால் டிக் டிக்கென்று பத்துத் தடவை முயன்று, எரிந்து, மறுபடி அணைந்து... ஸ்க்ரூ கீழே விழுந்தால் அடுத்த சிமிட்டலுக்குக் காத்திருந்துதான் தேட வேண்டும்.

கடைக்காரர் ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்வார். அப்புறம் ட்யூபை. வந்து பார்த்த எலெக்ட்ரீஷியன் ஏணியில் ஏறாமலேயே "சோக் அவுட்டு சார்" என்றார். புயலுக்கே அசராத சோக்! அவர் போன பிறகு மெயினை அணைத்துவிட்டு நானே ஏறி ட்யூபைக் கழற்றினேன். ஒரு பக்க ஹோல்டருக்குள் பித்தளைத் தகடு பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது. ட்யூப் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் பின்களில் ஒன்றில் கரும்புள்ளி, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகத் தீய்ந்திருந்தது. உப்புக்காற்று வேலை.

விஷயம் இதுதான். சோக், ஒரு முனை இழை, ஸ்டார்ட்டர், மறுமுனை இழை என்று ட்யூபைப் பற்றவைக்கும் கரண்ட் ஒரே சங்கிலியாக ஓடுகிறது. நாலு பின்னில் எது சரியாகத் தொடாவிட்டாலும் ட்யூப் பற்றாது, பற்றினாலும் நிற்காது. ஸ்டார்ட்டர் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், பழியும் அதன் தலையில்தான் விழும். நிஜமாகவே ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டிருந்தால் அடையாளம் வேறு: இரண்டு முனையும் சிவந்து எரியும், நடுவில் இருட்டு. அப்போது ஸ்டார்ட்டரைத் திருகி எடுத்தால் ட்யூப் பளிச்சென்று பிடித்துக்கொள்ளும். முனைகள் கன்னங்கரேலென்று இருந்தால் ட்யூபுக்கே ஆயுள் முடிந்தது. சாயங்காலம் மட்டும் சிமிட்டினால் லோ வோல்டேஜைச் சந்தேகப்படலாம். இதையெல்லாம் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது. யாரும் பார்ப்பதில்லை.

உப்புத்தாளால் தேய்த்தால் கொஞ்ச நாள் தாங்கும். புது ஹோல்டர் மாட்டினால் இன்னும் கொஞ்ச நாள். அடுத்த மழைக்குத் திரும்பவும் பச்சை.

நடுவில் எலெக்ட்ரானிக் சோக்கும் போட்டுப் பார்த்தேன். சட்டென்று எரிந்தது, இரைச்சல் இல்லை. காப்பர் சோக்கில் ட்யூப் நொடிக்கு 100 தடவை மங்கித் தெளியும்; கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஓடுகிற கிரைண்டிங் வீல் நிற்பது போலக் காட்டிவிடும், விரல் போகும். எலெக்ட்ரானிக் சோக் நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் ஓடுவதால் அந்தப் பயமில்லை. எல்லாம் சரி, ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. வராந்தாவில் போட்ட எல்இடி ட்யூபும் டிரைவர் (அதற்குக் கரண்டைப் பக்குவப்படுத்திக் கொடுக்கிற சர்க்யூட்) போய்ச் செத்தது. காப்பர் சோக் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, நியாயமாகப் பார்த்தால் நீ காப்பர் சோக்தான் போட வேண்டும். ஆனால் வேண்டாம் மச்சான், எல்இடியே போடு. 20 வாட்ஸ் போதும், செத்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம், மழையில் ஏணி மேல் நின்று பித்தளை தேய்க்க வேண்டியதில்லை. நானும் இந்தத் தீபாவளிக்கு மாற்றுகிறேன். ட்யூப் மாட்டுகிற பழைய பட்டியிலேயே எல்இடி ட்யூப் மாட்டுவதாக இருந்தால் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி, வயரிங்கை ட்யூப் அட்டையில் போட்டிருக்கிற மாதிரி மாற்றச் சொல். பழைய ட்யூபை உடைத்துவிடாதே, உள்ளே பாதரசம் இருக்கிறது. சோக்கை எனக்கு எடுத்து வை, உள்ளே சுற்றியிருப்பது நிஜமாகவே செம்பாக இருந்தால் காயலான் கடையில் விலை உண்டு.