மொட்டை மாடி சூடு: சுண்ணாம்பா, பந்தலா, தட்டோடா, ஃபால்ஸ் சீலிங்கா?

கத்திரி வெயில்ல மேல் மாடியில குடியிருக்கறவங்களுக்குத் தெரியும், மத்தியானத்த விட ராத்திரிதான் கொடுமை. போன மே மாசம் ராத்திரி பதினொன்னு இருக்கும், ஃபேன் அஞ்சுல ஓடுது, ஆனா வர்ற காத்து அடுப்படிக் காத்து மாதிரி இருக்கு, என்னடா இதுன்னு கட்டில் மேல ஏறி சீலிங்ல கைய வச்சா அப்பதான் இஸ்திரி போட்டு மடிச்ச சட்டைய தொட்ட மாதிரி இருக்கு. வெயில் இறங்கி நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, வேலூர் வெயில சீலிங் இன்னும் விடல.

கணக்கு போட்டுப் பாத்தேன். 1000 சதுர அடி, 5 இன்ச் காங்கிரீட்னா எடை சுமார் 28 டன். அது ஒரே ஒரு டிகிரி ஆறணும்னா கிட்டத்தட்ட 7 யூனிட் கரண்ட்டுக்குச் சமமான வெப்பம் வெளிய போகணும், பத்து டிகிரின்னா 70 யூனிட். 2016ல கவர்மெண்ட் ஃப்ரீயா தர ஆரம்பிச்சதே ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்தான்! இதுல சூடான காத்து தானா கீழ இறங்காது, மேலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். படுத்திருக்கற நம்ம மேல நேரா இறங்குறது சீலிங்கோட கதிர்வீச்சு. ஃபேன் வேற மேல நிக்கிற அந்தக் காத்தையும் இழுத்து மூஞ்சில அடிக்குது.

அதனால என் கேள்வி ஒன்னுதான், எது வெயில காங்கிரீட்டுக்குள்ளயே விடாம வெளிய நிறுத்துது?

முதல்ல வெள்ளை. உச்சி வெயில்ல ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1000 வாட் விழுது, வெறும் காங்கிரீட் அதுல பாதிக்கு மேல குடிச்சுடும், புதுசா அடிச்ச நல்ல வெள்ளை முக்கால்வாசிக்கு மேல திருப்பி அனுப்பிடும். நான் சுண்ணாம்பு அடிக்கும்போது பக்கெட் காலியாகி பாதி மாடியோட நின்னுபோச்சு, மறுநாள் ரெண்டு மணிக்கு வெறுங்கால்ல போய் ரெண்டு பக்கமும் நின்னு பாத்தேன். வெள்ளை மேல சாவகாசமா நிக்க முடிஞ்சுது, கோட்டத் தாண்டி கால வச்சதும் ரெண்டாவது அடியிலயே திரும்பி ஓடி வந்தேன். இதுக்கு மேல தெர்மாமீட்டர் எதுக்கு. இன்னொரு நல்ல விஷயம், பகல்ல வெயில திருப்புற அதே வெள்ளை ராத்திரி தன் சூட்ட வானத்துக்கு நல்லாவே விட்டுரும். பளபளன்னு இருக்கற அலுமினிய பெயிண்ட் அப்படி இல்ல, அது வெயில திருப்பும் ஆனா உள்ள போன சூட்ட விட மனசு வராது. வெள்ளையோட குறை அழுக்குதான், ஐப்பசி மழை முடிஞ்சா பாசி புடிச்சு கருத்துடும், வருஷா வருஷம் தை மாசி வாக்குல திரும்ப அடிக்கணும். பக்கத்து மாடி வீட்டுக்காரங்க கண்ணு கூசுதுன்னு சொல்வாங்க, அது தனிக் கதை.

பந்தல். பகல்ல இத அடிச்சுக்க ஆளே இல்ல, வெயில் காங்கிரீட்ட தொடவே தொடாதுல்ல. தென்னங்கீத்துதான் சூப்பர், ஆனா தீபாவளி ராக்கெட் ஒன்னு போதும், எனக்கு பயம். நிழலுக்குக் கட்டற பச்சை நெட்டு (வலை) பரவால்ல. தகர ஷெட் போட்டா தகரம் கொதிச்சு கீழ்ப்பக்கமும் கதிர்வீச்சு விடும், நாலு பக்கமும் திறந்து காத்து ஓடினாதான் பிரயோஜனம், சுத்தி அடைச்சுட்டீங்கன்னா அது ஓவன். அப்புறம் ஒரு விஷயம் யாரும் சொல்றதில்ல, ராத்திரி மாடி வானத்தப் பாத்து ஆறணும், பந்தல் அதையும் மறைச்சுடும். நெட்டுன்னா சாயங்காலம் சுருட்டி விட்டுடலாம்.

தட்டோடு, அதாவது மாடித் தரையில பதிக்கற தட்டையான ஓடு, கீழ செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு பழைய வீடுங்கள்ல பண்றது. மழைத்தண்ணிக்கு நல்லது. சூட்டுக்கு? கொஞ்சம் குறைக்கும், மிச்சத்த தள்ளிப் போடும், அதாவது எட்டு மணிக்கு வர வேண்டியது பத்து மணிக்கு வரும், நாம தூங்கப் போற நேரத்துக்கு கரெக்டா. செவப்பு ஓடு வெயிலயும் நல்லா குடிக்கும். போட்டாச்சுன்னா அது மேலயும் வெள்ளை அடிங்க. எடையும் ஜாஸ்தி, பழைய வீடுன்னா இன்ஜினியர்கிட்ட கேட்டுட்டு பண்ணுங்க.

ஃபால்ஸ் சீலிங், அதாவது சீலிங்குக்குக் கீழ தொங்கவிடற இன்னொரு சீலிங். சூட்ட தடுக்கும்னு விக்கறவங்க சொல்றது பொய் இல்ல, ஒரு இன்ச் தெர்மாகோல் மூணரை அடி காங்கிரீட்டுக்கு மேலயே தடுக்கும், உள்ள அடைபட்ட காத்துதான் காரணம். ஆனா வெறும் ஜிப்சம் போர்டு மட்டும் மாட்டிட்டு போனா அவ்வளவு பலன் கிடைக்காது. தெர்மாகோல் தீப்பிடிக்கும்ங்கறதும் ஞாபகம் இருக்கட்டும். என் சண்டை என்னன்னா, இது கீழ இருந்து தடுக்குது, மேல 28 டன்னும் கொதிச்சுக்கிட்டேதான் இருக்கும், ஏற்கெனவே தாழ்வான ரூம்ல ஃபேன் தலைய தட்டும், மேல ஒழுகினாலும் தெரியாது. அதே தெர்மாகோல்ல கெட்டியான ரகத்த மாடி மேல போட்டு ஓடு ஒட்டினா வேற லெவல், செலவும் வேற லெவல். ஏசி போடறவங்களுக்கு அது வொர்த்.

சாயங்காலம் தண்ணி தெளிக்கறத சாதாரணமா நினைக்காதீங்க, ஒரு லிட்டர் ஆவியாகும்போது 0.6 யூனிட்டுக்கு மேல வெப்பத்த எடுத்துட்டுப் போகும். வேலூர், திருச்சி மாதிரி வறண்ட ஊர்ல நல்லா எடுபடும், கடலோர ஊர்ல காத்துலயே ஈரம் ஜாஸ்திங்கறதால மெதுவாதான் காயும். ஆனா குடத்தோட கவுத்தா பாதி தண்ணி பைப் வழியா தெருவுக்குப் போயிடும், துடைப்பத்த நனைச்சு தெளிச்சா போதும், விரிசல் இருந்தா அதுவும் வேணாம்.

இப்ப எங்க வீட்ல மாடி பூரா வெள்ளை, படுக்கற ரூமுக்கு மேல மட்டும் நெட்டு. கிழக்கு மூலையில ஒரு பாய் விரிக்கற அளவு அடிக்காம விட்டிருக்கு. வத்தல் காயணும்னா தரை சுட்டாத்தான் ஆகும்னு அம்மா பிரஷ்ஷ புடுங்கிட்டாங்க.