பழைய மேக்ரோ லென்ஸ் வாங்குகிறீர்களா? எஃப் 11 வைத்துப் பார்த்து வாங்குங்கள்

திருநகரில் எங்கள் வீட்டுத் தோட்டம் சின்னதுதான். ஒரு முருங்கை, இரண்டு செம்பருத்தி, கறிவேப்பிலை. ஆனால் மழை விட்ட பிறகு சிலந்திக்குக் குறைவே இல்லை. அதைப் படம் எடுக்கத்தான் போன மாதம் மதுரையில் ஒரு கடையில் சின்னதை நெருங்கிப் பெரிசாக எடுக்கும் பழைய 100 மி.மீ. மேக்ரோ லென்ஸை 18,000 ரூபாய்க்கு வாங்கி ஏமாந்தேன்.

"மாட்டிப் பாருங்கண்ணே, கண்ணாடி புதுசு மாதிரி இருக்கு" என்றார் கடைக்காரர். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபங்கஸ் (பூஞ்சை) இல்லை, கீறல் இல்லை. அவரே எஃப் 2.8, அதாவது லென்ஸின் துளை முழுசாகத் திறந்திருக்கும் அளவு வைத்து, கல்லாவில் கிடந்த 10 ரூபாய் நாணயத்தைப் படம் எடுத்துக் காட்டினார். பளிச்சென்று இருந்தது. பில் கேட்டேன். "பழைய சாமானுக்கு ஏதுண்ணே பில்? ஒரு வாரம் பாருங்க, சரியில்லைன்னா கொண்டாந்துருங்க."

மறுநாள் காலை செம்பருத்தி இலையில் ஒரு தாவும் சிலந்தி. முன்பக்கம் நாலு கண், நடுவில் இரண்டு மட்டும் பெரிசு, என்னையே திரும்பிப் பார்க்கிறது. இவ்வளவு நெருக்கத்தில் 2.8 வைத்தால் கண் தெரியும், காலெல்லாம் கலங்கிப்போகும். துளையைச் சுருக்கி எஃப் 11 வைத்து, ஃபிளாஷ் போட்டு அழுத்தினேன். திரையில் எர்ர் 01 என்ற பிழை. கேமராவைத் தொடும் லென்ஸ் கான்டாக்டைத் துடைக்கச் சொன்னது என் கேனான் கேமரா. துடைத்தேன், மறுபடி அதேதான். 2.8-க்குத் திரும்பினால் ஒழுங்காக எடுக்கிறது!

என்னுடையது மாதிரி டிஎஸ்எல்ஆர் கேமராவில் நாம் கண் வைத்துப் பார்க்கும்போது அப்பர்ச்சர் (அந்தத் துளை) முழுசாகத் திறந்தே இருக்கும். கிளிக் செய்யும் நொடியில்தான் துளையைச் சுருக்கும் இதழ்கள் மூடும். 2.8-இல் அவை அசையவே வேண்டியதில்லை. கடைக்காரர் ஏன் 2.8-ஐ விட்டு நகரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நாலாம் நாள் கொண்டுபோனேன். "நீங்க கீழே போட்டிருப்பீங்க சார்" என்றார். அண்ணன் அதற்குள் சார் ஆகிவிட்டேன். வேறொரு மெக்கானிக் பிரித்துப் பார்த்து, அப்பர்ச்சருக்குப் போகும் ஃபிளெக்ஸ் கேபிள் (வளையும் மெல்லிய வயர்) அறுந்திருக்கிறது, ஏற்கெனவே யாரோ கழற்றிய லென்ஸ் என்றார். கேமராவில் மாட்டும் பக்கத்து மவுண்ட் ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்திருந்ததைக் காட்டினார். வாங்கும்போதே பார்த்திருக்கலாம், நான் கண்ணாடியை மட்டுமே பார்த்தேன்.

நீங்கள் எஃப் 11, 16 வைத்து, படம் எடுக்காமலே இதழை மூடிக் காட்டும் டெப்த் பிரிவியூ பட்டனை அழுத்திக்கொண்டு லென்ஸின் முன்பக்கமாகப் பாருங்கள். இதழ் மூடித் துளை சுருங்க வேண்டும். ஃபோகஸை மிக நெருக்கத்துக்குக் கொண்டுவந்தும் நாலு படம் எடுங்கள். அப்புறம், பில் தராத இடத்தில் ரொக்கம் கொடுக்காதீர்கள். நான் 10,000 ரொக்கமாகக் கொடுத்தேன், மீதி ஜிபே. அந்த 8,000-க்கு மட்டும்தான் இப்போது என்னிடம் சாட்சி இருக்கிறது.