கட்டுத்தரைக்குக் கரண்டு: மேலே வயரா, மண்ணுக்குள் கேபிளா?

வீட்டிலிருந்து மாடு கட்டும் கட்டுத்தரை 60 மீட்டர். நடுவில் இரண்டு வரிசைத் தென்னை. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

முதல் ஆறு வருடம் மேலேதான் போட்டிருந்தோம். இரண்டு கம்பம், இழுத்துக் கட்டிய ஜிஐ கம்பி, அதில் தொங்கிய சர்வீஸ் வயர். ஒரே நாளில் முடிந்தது, செலவும் குறைவு. எங்கே பழுது என்று அண்ணாந்து பார்த்தால் தெரியும், அது பெரிய வசதிதான். ஆனால் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஏறிவிட்டால் மட்டை விழாத நாளில்லை. கம்பம் சாயும், ஜாயின்ட் இளகும், வருடத்துக்கு இரண்டு தடவை ஏணி. கடைசியில் ஒரு விடிகாலை பால் கறக்கப் போன அம்மா, வயர் ஈர மண்ணில் கிடப்பதைப் பார்த்துவிட்டுக் கத்தினார். நாலடி தள்ளிப் பசு நின்றிருந்தது. மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், ஈர மண்ணில் பரவும் கரண்டு ஒரு கால் வழியே ஏறி உடம்பு வழியாக இன்னொரு காலில் இறங்கும். நமக்குச் சுர்ரென்று தெரிவதோடு போகிற கசிவு அதைச் சாய்த்துவிடும்.

கிணற்று மோட்டாரின் இலவச இணைப்பிலிருந்து இழுக்கச் சொன்னவர்களும் உண்டு. அது பாசனத்துக்குக் கொடுத்தது, அந்தப் பேச்சே வேண்டாம். சோலார் ஒரு விளக்குக்குச் சரி. மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மெஷினுக்கு பேட்டரி செலவு கட்டாது.

ஆக, மண்ணுக்குள் ஆர்மர்டு கேபிள், அதாவது இரும்புக் கவசம் சுற்றிய கேபிள். இரண்டரை அடி பள்ளம், அடியில் மணல், மேலே செங்கல், அப்புறம் மண். கேபிளின் இரும்புக் கவசத்துக்கு எர்த், வீட்டுப் பக்கம் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச். நாலு வருடமாக ஏணி எடுக்கவில்லை. நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்கு அது ஒன்றே போதும்.

கேபிளின் கனத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மேலே என்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம், புதைத்ததைத் தோண்ட மனசு வராது. 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியம் போதும் என்றார் எலக்ட்ரீஷியன். 2 எச்பி மெஷின் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர். அந்தக் கேபிளில் 9 வோல்ட்தான் குறையும். கிளம்பும்போது 50 ஆம்பியர் வரை இழுத்தால் 44 வோல்ட் போய்விடும். சாயங்காலம் ஏற்கெனவே 200 வோல்ட்டில் இருக்கும் லைனில் மோட்டார் உறுமுமே தவிர சுற்றாது. 10 சதுர மில்லிமீட்டர் போட்டோம், கிளம்பும்போதும் இழப்பு 18 வோல்ட்டோடு நின்றது.

எங்களுடையது செம்மண். பாறை நிலமென்றால் பள்ளக் கூலியே கணக்கை மாற்றிவிடும், அங்கே என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேபிள் போகும் வழியில் பத்து மீட்டருக்கு ஒரு கல் நட்டிருக்கிறோம். போன மாதம் சொட்டுநீர்க் குழாய்க்குப் பள்ளம் எடுக்க ஜேசிபி வந்தபோது, அப்பா அந்தக் கல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், வண்டி கிளம்பும் வரை எழவில்லை.